வானம் தெரிந்த வீடுகள்

கருவி தூக்குகிற வேலைக்குத் தோள்பலம் பெரிதாகத் தேவையில்லை. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று அடிக்கடி அண்ணாந்து பார்த்தால் போதும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஓடின மோட்டர் வள்ளத்தில் கயிறு எறிந்து கட்டுவதுதான் என் தொழில். தொண்ணூற்றி நாலாம் ஆண்டுக் கடைசியில் தீவுப்பகுதிக் கிணறுகளைப் பார்த்து எழுத ஒரு நிவாரண நிறுவனம் வந்தது. எதில் நல்ல தண்ணீர், எதில் உவர், எது தூர்ந்துபோனது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். சண்டையில் சனம் ஓடிப்போய், அந்த நேரம் பாதி ஊர்களில் கேட்பதற்கு ஆள் இல்லை. வேலிகளுக்கு நடுவே போகிற எல்லா ஒழுங்கையும் தெரிந்த ஒருவன் வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்கள்.

என் கையில் தந்த கருவி ஒரு சவர்க்காரக் கட்டியிலும் கொஞ்சம் பெரிது. நாலு பற்றறி போடவேண்டும். தலையில் கட்டைவிரல் போல ஒரு கொம்பு. ஜி.பி.எஸ். என்று பெயர். ஆகாயத்தில் ஓடித் திரிகிற செய்மதிகளைப் பார்த்து, நாங்கள் நிற்கிற இடத்துக்கு இரண்டு வரிசை இலக்கம் சொல்லும். மூன்று செய்மதியாவது அதற்குத் தெரியவேண்டும், நாலு தெரிந்தால் திறம். தெரியாவிட்டால் கோபித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை மாதிரி வாய் திறக்காது.

வீட்டை விட்டு வந்து, அந்தப் பக்கம் போய்வருகிற எவனைக் கண்டாலும் "எங்கடை பக்கம் போனனியளோ?" என்று மறித்துக் கேட்டவர்கள் உங்களில் கனபேர் இருப்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். பிறகு ஆறேழு மாதம், எல்லாரும் மறித்துக் கேட்கிற ஆளாக இருந்தேன். இரண்டில் எது பெரிய பாடு என்று நீங்களே சொல்லுங்கோ.

ஒப்பம்

வேலைக்குச் சேர்ந்த அன்று நிறுவனத்தின் எஞ்சினியர் ஒரு கடதாசியை முன்னால் வைத்தார். கொழும்பில் இருந்து வந்தவர், நாற்பது வயது வரும், ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான். கடதாசியில் இருந்ததை வாசித்துச் சொன்னார். சனம் போகக்கூடாத ஊர்களுக்குள்ளும் நேவியின் அனுமதியோடு நாங்கள் போவோம். அங்கே கண்டதை வெளியில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. கடிதமோ சாமானோ கொண்டுபோகவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது.

"கனவிலை கண்டதையும் சேர்த்தோ ஐயா?" என்று கேட்டேன். பகிடிக்குத்தான். அவர் சிரிக்கவில்லை. ஒப்பம் வைக்கப் பேனையை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா அடுத்த நாள் எங்களை உள்ளுக்கை விடமாட்டினம். பிறகு இந்தச் சனத்துக்கு ஆர் தண்ணி பாக்கிறது?"

ஐயர் வீட்டு விறாந்தை

மடத்துவெளியில் எங்கள் வீட்டை விட்டு ஓடிவந்த நாளில் இருந்து நானும் மனுசியும் நயினாதீவில் ஒரு ஐயர் வீட்டின் பின்பக்க அறையில் இருந்தோம். முன்பக்க அறையில் சிவபாக்கியம் அக்கா. மண்கும்பான் ஊர் ஆள். புருசன் செத்துக் கனகாலம். ஒரே மகன் கனடாவில். கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுத்துக்கொண்டு, அந்த வீட்டில் ஒரு ஆளாக இருந்தா.

மகன் இரண்டு வருசமாக "வாங்கோ அம்மா" என்று கடிதம் போட்டபடி இருந்தான். அக்காவுக்கு அசைய மனமில்லை. மண்கும்பான் வீட்டுக்குக் கள்ளிக்கோட்டை ஓடு போட்டபோது, ஒவ்வொரு ஓட்டையும் புருசன்தான் மேலே ஏறி இருந்து அடுக்கினவராம். "கூரை நிண்டால் வீடு நிக்கும். எப்பவோ ஒரு நாள் விடுவினம், போய் இருப்பன். கூரை போயிட்டுதெண்டால் ரெண்டு மாரிக்குச் சுவர் கரைஞ்சிடும். பிறகு இஞ்சை எதைப் பாத்துக்கொண்டு இருக்கிறது? மகனிட்டைப் போயிடுவன்." இதை அவ நாலு வருசமாக எல்லாரிடமும் சொல்லிவந்தா. மண்கும்பானுக்குள் போய்வந்து பதில் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் பின்னேரம், விறாந்தையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. முற்றத்தில் இறங்கினேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று செய்மதி வந்தது. திரும்ப விறாந்தைக்கு ஏறினேன், எல்லாம் போயிற்று. பூக் கட்டிக்கொண்டு இருந்த அக்கா, "ஏன், உள்ளுக்கை எடுக்காதோ?" என்று கேட்டா. "ஓட்டுக்குக் கீழை எடுக்காது அக்கா. உதுக்கு வானம் தெரியவேணும்" என்றேன். அவ நாரை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னா: "அப்ப எங்கடை வீட்டுக்கை கொண்டு போனாலும் உது வேலை செய்யாது. நல்ல ஓடு."

பெட்டிக்குள் வைத்த பிழை

மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கின நேரம். கருவியை நிறுத்தாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார் எஞ்சினியர். கிணற்றடிக்கு வந்துசேர முதலே அது செய்மதிகளைப் பிடித்துவிட்டால் நேரம் மிச்சம். எனக்கோ வெயிலில் சாமான் பழுதாகிவிடும் என்று பயம். வள்ளத்தில் நாங்கள் செய்கிறதைத்தான் செய்தேன். துவாயைத் தண்ணீரில் நனைத்துக் கருவியைச் சுற்றி, ஓலைப் பெட்டிக்குள் வைத்து மூடி, தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

ஒவ்வொரு கிணற்றடியிலும் இறக்கித் திறந்தால் கருவி செத்த சாமான் மாதிரிக் கிடக்கும். முதலில் இருந்து தேடத் தொடங்கும். எஞ்சினியர் பற்றறியை மாற்றினார், தட்டினார், உதறினார், கொழும்பில் நல்லாய்த்தானே வேலை செய்தது என்று தனக்குள்ளே பேசினார். மத்தியானம் வரைக்கும் மூன்று கிணறுதான் முடிந்தது. பிறகுதான் நான் பெட்டியை மூடுகிறதைத் திரும்பிப் பார்த்தார். மூடியைத் திறந்தார். துவாயை எடுத்துப் பிழிந்தார், தண்ணீர் ஓடினது. ஈரத்துக்குள்ளால் செய்மதியின் சத்தம் நுழையாதாம், அதுவும் நனைந்த ஓலையென்றால் கேட்கவே வேண்டாமாம். அவர் என்னைக் கோபிக்கவில்லை. துவாயை என் தோளில் விரித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணை, உது மீனில்லை. நாறாது."

நகர்ந்த கிணறு

ஐயர் வீட்டுக் கிணற்றை ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்தோம். எழுதின கொப்பி வள்ளத்தில் நனைந்துபோனதால் வியாழக்கிழமை திரும்ப எடுக்கவேண்டி வந்தது. அதே கட்டு, அதே கல், அதே வெளிச்சம். இலக்கம் மட்டும் வேறு. எஞ்சினியர் வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். கிணறு எண்பது மீற்றர் அளவில் கடல் பக்கம் போய்விட்டது. நான்தான் எங்கேயோ போட்டு இடித்துவிட்டேன் என்று எனக்கு வியர்த்தது.

பிழை என்னிலே இல்லையாம். செய்மதியின் சொந்தக்காரர் வெளியாட்களுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் பிசகாகத்தான் சொல்லுவார்களாம். நூறு மீற்றருக்குள் சரியாக இருந்தால் சந்தோசப்படவேண்டியதுதான் என்றார். அபிசேகத்துக்குத் தண்ணீர் அள்ள வந்த ஐயர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். "ஏன் காணும் சின்னத்துரை, என்ரை கிணறு இப்ப எங்கை நிக்குது?" என்று கேட்டார். "இலக்கத்தின்படி பாத்தால் கடலுக்குள்ளை ஐயா" என்றேன். அவர் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். "பறவாயில்லை. கோயில் அம்மாளிட்டைக் கேட்டாலும் ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு மாதிரித்தான் சொல்லுறா. நாங்கள் அள்ளுறதை அள்ளுவம்."

நெடுந்தீவுப் பெரியவர்

நெடுந்தீவில் பனங்கூடலுக்குள் கருவி படாத பாடு பட்டது. இரண்டு செய்மதி வரும், காற்றுக்கு ஒரு ஓலை அசையும், ஒன்று போய்விடும். கடைசியில் நான் கருவியோடு மரமில்லாத வெட்டைக்கு வந்து இலக்கத்தை எடுக்க, எஞ்சினியர் அங்கிருந்து கிணறு வரைக்கும் அடி அளந்து எழுதினார். கிணற்றுக்காரர், எழுபது வயதுப் பெரியவர், கல்வேலியில் இருந்துகொண்டு எங்களையே பார்த்தபடி இருந்தார். மூன்று வருசத்துக்கு முதல் அவருடைய மகன் கடலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. வழியில் ஒரு பெண்பிள்ளை இதைச் சொல்லித்தான் எங்களை அங்கே விட்டது.

வேலை முடிந்து கருவியை உறையில் போடும்போது கிட்ட வந்தார். "தம்பி, உது மேலை இருந்து எல்லா இடமும் பாக்குமாம்." "இல்லை அப்பு. நாங்கள் நிக்கிற இடத்தை மட்டுந்தான் சொல்லும்." "வேறை ஆக்கள் நிக்கிற இடம்?" "சொல்லாது." எஞ்சினியர் கொப்பிக்குள் குனிந்துகொண்டார். பெரியவர் கருவியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "நான் எங்கை நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. அவன் நிக்கிற இடத்தைச் சொல்லுற சாமான் ஏதும் வந்தால் ஒருக்கால் சொல்லி அனுப்புங்கோ."

சென்றியில் நின்ற பொடியன்

ஊர்காவற்றுறைப் பக்கம் போகிற நாட்களில் நேவியின் சென்றியில், அதுதான் காவலரணில், கருவியைக் கழற்றிக் காட்டவேண்டும். ஒரு நாள் மேலிடத்து அனுமதி வரச் சுணங்கி, இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். காவலுக்கு நின்ற நேவிப் பொடியனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். சும்மா நிற்க ஏலாமல் கருவியைப் பற்றி விசாரித்தான். பிறகு கேட்டான், "என்ட ஊர் பக்கம் எதுன்னு இது சொல்லுமா?" குருநாகலுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம். எஞ்சினியர் வரைபடத்தைப் பார்த்து அந்த இடத்தின் இலக்கத்தைக் கருவிக்குள் ஏற்றினார். அம்புக்குறி ஒன்று வந்தது. இருநூற்றம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட என்று காட்டியது.

பொடியன் துவக்கைத் தோளில் சரிப்படுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். அங்கே தெரிந்தது கடல்தான். கடலுக்கு அங்கால் ஒரு கோடு மாதிரிக் கரை. கனநேரம் பார்த்தான். "இவ்வளவு கிட்டவா சேர்? கப்பல்ல போய், பஸ் எடுத்து, எனக்கு மூணு நாள் போகுது. அம்மா செத்த நேரமும் நான் போனது நாலாவது நாள்."

மடத்துவெளி

எல்லா ஒழுங்கையும் தெரிந்தவன் என்றுதானே என்னை வேலைக்கு எடுத்தார்கள். மடத்துவெளியில் இறங்கினபோது எனக்கு ஒரு ஒழுங்கையும் தெரியவில்லை. வேலி இருந்தால்தானே ஒழுங்கை. பனைகளும் பாதிக்கு மேலே தறிபட்டுக் கிடந்தன. நின்று, யோசித்து, கிணற்றுத் துலாக்கால்களைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். இப்படி ஒரு கிணற்றடிக்கு வந்து நின்றோம். எஞ்சினியர் ஆழம் பார்க்க நாடாவை இறக்கினார். நான் கருவியைக் கையில் பிடித்தபடி பக்கத்து வீட்டுக்குள் போனேன்.

பக்கத்து வீடு என்று சொல்கிறேன். என்னுடைய வீடு. எஞ்சினியருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன செய்வார் பாவம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன், பழக்கம். சாமியறைக்குள் நின்றபோது கருவியைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அப்படி ஒரு வேகத்தில் அது எடுக்கவில்லை. பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன்.

எஞ்சினியர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என் கையில் இருந்த கருவியைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. "ஐஞ்சோ! மரம் நிக்கிற இடங்களிலை இனி வெட்டை தேடி நடக்கத் தேவையில்லை அண்ணை. இப்பிடிக் கூரை இல்லாத வீடாப் பாத்து உள்ளுக்கை நில்லுங்கோ. நேரம் மிச்சம்."

மனுசி கேட்டது

அன்று பின்னேரம் மனுசி தேத்தண்ணியைத் தந்துவிட்டு முன்னால் இருந்தாள். எங்கே போனேன் என்று அவளுக்குத் தெரியும். என்ன கண்டேன் என்று கேட்கக்கூடாது என்பதும் தெரியும். கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிற ஆளுக்கு முன்னால் தேத்தண்ணி குடிக்கிறது லேசான வேலை இல்லை, பாருங்கோ. கடைசியில் கருவியைப் பற்றிச் சொல்லத் தடையில்லைத்தானே என்று நினைத்து, "எங்கடை சாமியறைக்கை கருவி நல்லா எடுத்தது. ஐஞ்சு செய்மதி" என்றேன்.

அவள் தேத்தண்ணிப் பேணியை வாங்கிக் கழுவினாள். கழுவி முடித்ததைத் திரும்பவும் கழுவினாள். முன்பக்க அறையில் சிவபாக்கியம் அக்காவின் சத்தம் ஒன்றும் இல்லை. பூக் கட்டினால் வாய்க்குள் தேவாரம் முணுமுணுக்கிறவ, அதுவும் நின்றுபோயிருந்தது. மனுசி பேணியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப, பரணிலை நான் காயவைச்சுப் போட்ட ஒடியல் எல்லாம் நனைஞ்சிருக்கும்."

மண்கும்பான்

மண்கும்பானுக்கு அனுமதி கிடைக்க மாசக்கணக்கில் எடுத்தது. போகிறதுக்கு முதல்நாள் அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பூசை முடிந்து விபூதி கொண்டுவந்து பூசிவிட்டா, அவ்வளவுதான்.

மணல் ஒழுங்கையால் போனோம். அக்காவின் வீட்டு அடையாளம் எனக்குத் தெரியும். கிணற்றடியில் ஒரு பெரிய வேம்பு, ஊரில் அதைப் போல வேறு இல்லை. ஒழுங்கையில் நின்று பார்த்தால் பற்றைக்கு மேலால் முன்சுவர் மட்டும் நேராக நின்றது. நல்லாய்த்தான் நிற்கிறது என்று மனதுக்குள் ஒரு ஆறுதல். கிணற்றடியில் வேம்பின் கீழே கருவியைப் பிடித்தேன். ஒரு செய்மதியும் இல்லை. "அந்த வீட்டுக்கை போய்ப் பாருங்கோ அண்ணை" என்றார் எஞ்சினியர். "இதிலையே கொஞ்சம் நிண்டு பாப்பம் ஐயா" என்றேன். நின்றேன். வேம்பு விடவில்லை. "போங்கோ அண்ணை, நேவிக்காரர் பாத்துக்கொண்டு நிக்கினம்."

போனேன். எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு நான் கருவியைப் பிடித்தது அந்த ஒரு நாள்தான். கண்ணை மேலே தூக்கவில்லை. கருவியையே பார்த்துக்கொண்டு வாசற்படி ஏறினேன். கதவும் இல்லை, நிலையும் இல்லை. ஒன்று வந்தது. இரண்டு வந்தது. ஹோலுக்குள் ஆளுயரத்துக்கு எருக்கலை நின்றது. மூன்று, நாலு. கீழே ஒரு ஓட்டுத் துண்டு கூடக் கிடக்கவில்லை. காற்றோ கையோ, எது கொண்டுபோனதோ, ஒன்றும் மிச்சம் விடவில்லை. அறைக்குள் காலடி வைத்தபோது ஆறாவது செய்மதியும் வந்தது. ஆறு நான் அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை. இலக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். எனக்கு வாசிக்கத் தெரிந்தது இலக்கம்தானே. வெளியே வந்தபோது எஞ்சினியர் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துக்கொண்டு நின்றார். "தேன் மாதிரித் தண்ணி அண்ணை. இந்த வீட்டுக்காரர் திரும்பி வந்தால் தண்ணிக்குக் கஷ்டப்படத் தேவையில்லை."

எடுத்ததோ?

இரண்டு நாள் நான் பின்வேலியில் இருந்த கடப்பு வழியாகத்தான் போய்வந்தேன். அந்த விறாந்தையைக் கடந்து போக எனக்குக் கால் வரவில்லை. நிறுவனத்துக்குப் போட்ட ஒப்பம் ஒரு பக்கம். ஒப்பம் இல்லாவிட்டால்தான் என்ன சொல்லியிருப்பேன்? இருக்கு என்று சொன்னால், இல்லாத வீட்டுக்காக அக்கா கிழடாகிச் சாகுமட்டும் பூக் கட்டுவா. இல்லை என்று சொன்னால், புருசன் அடுக்கின ஓட்டை என் வாயால் ஒவ்வொன்றாய்க் கழற்றினது மாதிரி. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஐயர் பஞ்சாங்கத்தோடு கதிரையில் இருந்தார். அக்கா விறாந்தையில் இருந்து கூப்பிட்டா.

"தம்பி, இப்பிடி வந்து இரும்."

இருந்தேன். மல்லிகையும் நந்தியாவட்டையும் சுளகில் கிடந்தன. அவ கட்டிக்கொண்டே பேசினா.

"நீர் ஒண்டும் சொல்லக்கூடாது எண்டு எனக்குத் தெரியும். ஒப்பம் வைச்சனீர். நான் வீட்டைப் பற்றிக் கேக்கேல்லை."

"ஓம் அக்கா."

"கருவியைப் பற்றித்தான் கேக்கிறன். அதை எங்கடை வீட்டுக்கை கொண்டு போனனீரோ?"

"போனனான்."

"எடுத்ததோ?"

ஐயர் பஞ்சாங்கத்தில் இருந்து தலையை நிமிர்த்தினார். என் மனுசி குசினி வாசலில் நின்றதும் எனக்குத் தெரிந்தது.

"எடுக்கேல்லை அக்கா."

அவ இரண்டு பூவை வைத்து நாரைச் சுற்றினா.

"வேம்புக்குக் கீழை நிண்டிருப்பீர்."

"இல்லை. உள்ளுக்கைதான். ஹோலுக்கும் போனனான், அறைக்கும் போனனான்."

"கனநேரம் வைச்சுப் பாத்தனீரோ?"

"ஓம், கனநேரம்."

"கனநேரம் வைச்சும் ஒண்டும் எடுக்கேல்லை."

"ஒண்டும் எடுக்கேல்லை."

"அப்ப நல்ல ஓடுதான்" என்றா. பிறகு, குரல் மாறாமல், "எடுக்காது எண்டு தெரிஞ்ச இடத்திலை ஏன் தம்பி கனநேரம் நிண்டனீர்?" என்று கேட்டா.

சுளகில் கிடந்த ஒரு காம்பை எடுத்து நுள்ளிக்கொண்டு இருந்தேன். அவ மாலையைக் கட்டி முடித்தா. தலைப்பை முடிந்தா, நாரைப் பல்லால் கடித்து அறுத்தா, மாலையை வாழையிலையில் சுற்றினா. ஐயரைப் பார்த்து, "ஐயா, பின்னேரம் மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. வாறன் எண்டு எழுதுங்கோ" என்றா. ஐயர் தலையை ஆட்டினார்.

நான் எழும்பினேன். கண்ணைப் பார்க்க ஏலாமல் முற்றத்துப் பக்கம் திரும்பினபோது, அக்கா என் கையைப் பிடித்தா. பூக் கட்டின ஈரம் அந்தக் கையில் இருந்தது.

"நீர் ஏன் கவலைப்படுறீர்? நீர் ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்கு உந்தக் கருவிக்குப் பற்றறி முடிஞ்சிருக்கும், அவ்வளவுதான்."

வீடு பாழாய்ப் போனால்தான் ஒழுங்காய் ஓடுகிற தொழில் ஒன்று உலகத்தில் உண்டென்றால், அதைச் செய்து ஆறேழு மாதம் சோறு தின்றவன் நான்.